நல்ல தண்ணீரிலிருந்து உப்புத் தண்ணீருக்கு: செங்கல்பட்டு முதல் புதுச்சேரி வரை சைக்கிளில்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு சைக்கிளில் போகிறேன் என்று யாராவது சொன்னால், அநேகமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையான இ.சி.ஆரில் ஒரே நாளில் 150 கி.மீ. மிதித்துவிட்டு, கால்வலியோடு பஸ் ஏறித் திரும்பிவிடுவார்கள். அப்படிப் போவதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்தச் சாலைக்கு மேற்கே இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஏரிகளால் ஆன ஒரு நாடு இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். அங்கே தொடங்கி, ஏரிக்கரை ஏரிக்கரையாக நகர்ந்து, கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் கழியைத் தொட்டு, உப்பளம் தாண்டிக் கடலோரமாகப் புதுச்சேரி சேர்வதுதான் நான் சொல்லப்போகும் வழி. குடிக்கும் தண்ணீரில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக உப்புக் கரிக்கும் தண்ணீருக்குப் போகிற வழி. மூன்று நாள், அதோடு ஒரு காலைப்பொழுது. மொத்தம் 200 கி.மீ.க்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ வரும். ஊருக்குள் நுழைந்து வெளியே வருவதைப் பொறுத்து தூரம் மாறும் என்பதால், கீழே சொல்லும் தூரங்களை ஒரு மதிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது

இந்த வழிக்கு மாதம்தான் எல்லாம். தை பிறந்து மாசி முடிவதற்குள் போங்கள். இன்னும் குறுக்கிச் சொன்னால் பிப்ரவரியின் முதல் பாதி.

வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் ஓய்ந்த பிறகுதான் ஏரிகள் நிறைந்து நிற்கும். வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டி, முட்டையிட்டு, ஜனவரி பிப்ரவரியில் குஞ்சுகளோடு இருக்கும். மரக்காணத்தில் மழைக்காலம் முழுக்க உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். ஜனவரியில் பாத்திகளைச் சீர்செய்து, அதன் பிறகுதான் உப்பு வாரத் தொடங்குவார்கள். நவம்பரில் போனால் உப்பு இல்லை, ஏப்ரலில் போனால் பறவை இல்லை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க பிப்ரவரிதான் தோது.

அப்புறம் காற்று. சைக்கிள்காரனுக்கு மேட்டைவிட எதிர்க்காற்றுதான் பெரிய எதிரி. இந்த நிலம் தட்டையானது, ஏற வேண்டிய மேடு என்றால் பாலங்களும் ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடும்தான். ஆனால் கடலோரத்தில் காற்று எதிரே வந்தால் மணிக்கு 12 கி.மீ. போவதே பெரிய பாடு. தை மாசியில் காற்று வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். வடக்கிலிருந்து தெற்கே போகிறவருக்கு அது முதுகிலும் இடது தோளிலும் படும். சித்திரை வந்துவிட்டால் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று கிளம்பி நேராக முகத்தில் அடிக்கும். அதனால்தான் புதுச்சேரியிலிருந்து கிளம்பி வடக்கே வருவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

கிழமையையும் பாருங்கள். சனி ஞாயிறில் இ.சி.ஆர். முழுக்கக் கார்கள், அதுவும் வேகமாக. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் முதல் நாள் உள்நாட்டுச் சாலைகளில் கழியும். திங்கள், செவ்வாயில் கடலோரச் சாலை உங்களுக்குக் கிடைக்கும்.

சைக்கிளும் சாமான்களும்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. கியர் இல்லாத சாதாரண சைக்கிளிலும் இந்த வழியைப் போய்விடலாம். டயர் மட்டும் ரொம்ப மெல்லியதாக இருக்கக்கூடாது. 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 38, 40 இருந்தால் ஏரிக்கரை மண்ணில் நிம்மதி. சீட்டின் உயரம் சரியா என்று பார்க்க எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து, பெடல் முழுக்கக் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கி நின்றால் இரண்டாம் நாள் முட்டி வலிக்கும்.

முதுகில் பை மாட்டாதீர்கள். வேர்வையில் முதுகு வெந்து, தோள் இறுகிவிடும். பின்னால் கேரியரில் இரண்டு பக்கப் பை போதும். இரண்டு செட் துணி, ஒரு துண்டு, விளக்கு, இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு, தொப்பி, ஹெல்மெட், பைனாகுலர் இருந்தால் அது. போனில் இந்தப் பகுதியின் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏரிக்கரைகளில் சிக்னல் வந்து வந்து போகும்.

பஞ்சர் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த வழியில் உங்களுக்குப் பஞ்சர் ஆகும். ஆகலாம் என்று சொல்லவில்லை, ஆகும். ஏரிக்கரை முழுக்கச் சீமைக்கருவேலம். விறகுக்கு வெட்டி இழுத்துப் போகும்போது உதிர்ந்த முள் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். காய்ந்த முள் ஆணியைவிட மோசம், ஏனென்றால் வெளியே தெரியும் பகுதி ஒடிந்து, நுனி மட்டும் டயருக்குள் தங்கிவிடும்.

கரிக்கிலி பக்கம் ஒரு கரையில் எனக்குப் பின் டயர் இறங்கியது. கையில் புது டியூப் இருந்தது. அவசரத்தில் பழையதை உருவிவிட்டுப் புதியதைப் போட்டுக் காற்றடித்தேன். இருநூறு மீட்டர் போவதற்குள் அதுவும் இறங்கியது. தள்ளிக்கொண்டே ரோட்டோரம் இருந்த பஞ்சர் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பையன் டயரின் உட்பக்கத்தில் விரலை மெதுவாக ஓட்டினான். ஒரு இடத்தில் நிறுத்தி, நகத்தால் நெம்பி, எள்ளளவு முள் நுனி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "முள்ள எடுக்காம டியூப மாத்தி என்னண்ணே பிரயோஜனம்?" என்றான். அன்றிலிருந்து நான் யாருக்குப் பஞ்சர் போடக் கற்றுக்கொடுத்தாலும் முதலில் சொல்வது இதைத்தான். டியூபைக் கழற்றியதும் டயரின் உள்ளே ஒரு முழுச் சுற்று விரலால் தடவுங்கள், மெதுவாக, அவசரப்படாமல். துணியைச் சுருட்டித் தடவினால் விரலில் குத்தாது, முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். முள்ளை எடுத்த பிறகுதான் டியூப்.

எடுத்துப்போக வேண்டியவை: இரண்டு டியூப், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், டயர் லிவர் மூன்று, கைப்பம்ப், ஆலன் கீ, செயினுக்கு எண்ணெய் ஒரு சின்னக் குப்பி. உங்கள் டியூபில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருந்தால், அதற்கான பித்தளை அடாப்டர் ஒன்றும் கட்டாயம். கிராமத்துக் கடைகளின் கம்ப்ரசர் வாய் பைக் வால்வுக்குத்தான் பொருந்தும். அடாப்டரின் விலை ரொம்பக் குறைவு, ஆனால் இல்லாவிட்டால் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்றுகொண்டு கையால் பம்ப் அடிக்க வேண்டிவரும்.

முதல் நாள்: செங்கல்பட்டு – வேடந்தாங்கல் – கரிக்கிலி – மதுராந்தகம் (சுமார் 55 கி.மீ.)

சென்னையிலிருந்து விடியற்காலை மின்சார ரயிலில் செங்கல்பட்டு வந்துவிடுங்கள். சைக்கிளுக்கு லக்கேஜ் டிக்கெட் வேண்டும், கவுண்டரில் கேட்டு வாங்கிக்கொண்டு, வெண்டர் பெட்டியில் ஏற்றுங்கள். கூட்டம் இல்லாத முதல் சில ரயில்களில்தான் இது எளிது.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் முதல் ஏரி அங்கேயே இருக்கிறது. கொளவாய் ஏரி. ரயில் அதன் ஓரமாகத்தான் வந்திருக்கும். ஆனால் இப்போது நிற்க நேரமில்லை. பாலாற்றுப் பாலத்தை வெளிச்சம் வரும் நேரத்திலேயே தாண்டிவிட வேண்டும். ஜி.எஸ்.டி. சாலை எனும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் போக வேண்டிய இந்தப் பதினைந்து கிலோமீட்டர்தான் முழுப் பயணத்திலும் எனக்குப் பிடிக்காத பகுதி. லாரிகளும் ஆம்னி பஸ்களும் பக்கத்தில் உரசிப் போகும். இடது ஓரக் கோட்டை விட்டு அசையாதீர்கள், பின்விளக்கு எரியட்டும். பாலாறு பெரும்பாலும் மணலாகத்தான் தெரியும், மழை நன்றாகப் பெய்த வருடத்தில் நடுவே தண்ணீர் ஓடும். மாமண்டூர் தாண்டிப் படாளத்தில் டீக்கடையில் நிறுத்தி மூச்சு விடுங்கள். அங்கிருந்து மேற்கே வேடந்தாங்கல் சாலை பிரிகிறது. திரும்பியதுமே ஒலி மாறிவிடும். ஹாரன் போய், மோட்டார் பம்ப் செட்டும் கொக்கும் வரும்.

வேடந்தாங்கல் ஏரி பெரியதல்ல, 30 ஹெக்டேர்தான். ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் ஒரு கிளைகூட வெறுமையாக இருக்காது. குஞ்சு இருக்கும் மாதத்தில் தாய் தந்தைப் பறவைகள் பகல் முழுக்க இரை தேடிப் போய்வந்தபடி இருக்கும் என்பதால், காலை எட்டு மணிக்குப் போனாலும் ஏமாற்றம் இல்லை. மாலை நேரத்துக் கூட்டம் இன்னும் பெரிது. வனத்துறை விடுதியில் இடம் கிடைத்து அன்றிரவு அங்கேயே தங்க முடிந்தால், மதியத்துக்கு மேல் வந்து சேரும்படி திட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் தெரிந்து பார்த்தால் பறவை கண்ணுக்கு இன்னும் நெருங்கி வரும். அலகின் நடுவில் இடைவெளி தெரிகிறதா, அது நத்தைகுத்தி நாரை. அந்த இடைவெளி நத்தையைப் பிடித்து உடைப்பதற்கு. அலகு கரண்டி மாதிரி அகன்றிருந்தால் கரண்டிவாயன். கீழ்நோக்கி வளைந்திருந்தால் அரிவாள்மூக்கன். இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு கறுப்பாக நிற்பது நீர்க்காகம். கூழைக்கடாவை யாரும் சொல்லித் தர வேண்டாம், தொண்டைப் பையே காட்டிக்கொடுக்கும். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி இறங்குவதைவிட, கரையில் ஒரே மரத்தை எதிரே வைத்துக்கொண்டு இருபது நிமிடம் உட்காருங்கள். ஒரு கூட்டில் என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் புரியும். தாய் வந்து இறங்கியதும் குஞ்சுகள் அதன் அலகைப் பிடித்து இழுக்கும். பாதி மீன் தண்ணீரில் விழும், கீழே அதற்காகவே இன்னொரு பறவை காத்திருக்கும்.

இந்த ஏரியை முதலில் காத்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் பற்றி முறையிட்டு, அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உத்தரவே வாங்கிவிட்டார்கள். 2022-ல் வேடந்தாங்கலும், பக்கத்தில் உள்ள கரிக்கிலியும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் அதற்கு இருநூறு வருடம் முன்பே ஊர் அந்த முடிவை எடுத்துவிட்டது. சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேச்சைக் குறைத்துக்கொண்டு நடப்பது நாம் அந்த ஊருக்குச் செய்யும் மரியாதை.

கரிக்கிலிக்குச் சில கிலோமீட்டர்தான். கூட்டமே இருக்காது. வேடந்தாங்கலில் கூடு கட்டுபவை இங்கே மேய வரும் என்பார்கள். வாத்துகளும் ஆழமில்லாத தண்ணீரில் நடக்கும் கரைப்பறவைகளும் இங்குதான் அதிகம். மதிய வெயிலில் மரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, மூன்றரைக்கு மேல் மதுராந்தகத்துக்குக் கிளம்புங்கள்.

இந்தச் சாலைகளில் போகும்போது ஏரியை வாசிக்கக் கற்றுக்கொண்டால் பயணம் வேறு மாதிரி ஆகிவிடும். சாலை திடீரென்று ஓர் ஆள் உயரம் மேலே ஏறுகிறதா, நீங்கள் ஏரிக்கரையில் இருக்கிறீர்கள். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பள்ளத்தில் வயல், அது ஏரித் தண்ணீரில் விளையும் ஆயக்கட்டு. கரையின் நடுவே கல்தூண்களோடு நிற்பது மதகு, வயலுக்குத் தண்ணீர் விடும் வாய். கரை முடியும் இடத்தில் தாழ்வான கல் சுவர் மாதிரி இருப்பது கலங்கல். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அதில் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கலங்கலை எங்கே பார்த்தாலும் இறங்கி, தண்ணீர் எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். கரையில் இரண்டு பனைமரம் சேர்ந்து நிற்கும் இடத்தில் காற்றின் சத்தம் மாறும், அதையும் கேளுங்கள்.

மதுராந்தகம் ஏரிதான் இந்த மாவட்டத்தின் பெரிய ஏரி. நிறைந்தால் 23.3 அடி. மதுராந்தகன் என்பது உத்தம சோழனுக்கு இருந்த பெயர். கிளியாறு இதற்குள் வந்து, உபரிநீரோடு வெளியேறிப் பாலாற்றில் சேரும். மேலே சொன்ன அதே பிளேஸ் துரையின் பெயர் இங்கேயும் வருகிறது. பெருமழையில் கரை உடையும் என்று பயந்து இரவில் கரைக்கு வந்தவருக்கு, வில்லேந்திய இருவர் காவல் நிற்பது தெரிந்ததாகவும், விடிந்ததும் கரை அப்படியே இருந்ததாகவும், அதனால் தாயார் சந்நிதியைக் கட்டிக்கொடுத்ததாகவும் கதை. ஏரிகாத்த ராமர் என்ற பெயரோடு கோயில் இருக்கிறது. ஏரிக்கரையில் நின்று அந்தக் கதையைக் கேட்டால் ஒன்று விளங்கும்: ஒரு கரை உடைவதென்பது இந்த ஊர்களுக்கு எத்தனை பெரிய பயம்.

இரவு மதுராந்தகத்தில் லாட்ஜ் பார்த்துத் தங்கலாம். மேல்மருவத்தூரிலும் இடம் உண்டு, ஆனால் தைப்பூசம் முடியும்வரை அங்கே இருமுடி பக்தர்கள் கூட்டம், அறை கிடைப்பது கடினம். சைக்கிளை அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ள விடுவார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்.

இரண்டாம் நாள்: மதுராந்தகம் – செய்யூர் – இடைக்கழிநாடு – மரக்காணம் (சுமார் 65 கி.மீ.)

ஆறு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். சித்தாமூர் வழியாகச் செய்யூருக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வயல், சின்னச் சின்ன ஏரிகள், ஊர் முனையில் டீக்கடை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் சைக்கிள்கள். பத்து நிமிடம் அவர்களோடு சேர்ந்து மிதித்தால் கேள்விகளுக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்கும். செய்யூரில் கந்தசாமி கோயிலுக்குள் போய்ப் பாருங்கள், 27 நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொரு பூத வேதாளம் என்று வரிசையாக நிற்கும். வேறெங்கும் நான் இப்படிப் பார்த்ததில்லை.

செய்யூரிலேயே எல்லா பாட்டிலிலும் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். இதற்குக் கிழக்கே போகப் போக நிலத்தடி நீர் உப்பேறிவிடும். பைப் தண்ணீரை வாயில் வைத்ததுமே தெரியும். நல்ல தண்ணீர் நாடு இங்கே முடிகிறது.

இ.சி.ஆரைத் தொடும் முன்பே காற்றில் சேறும் மீனும் கலந்த ஒரு வாசம் வரும். ஓதியூர்க் கழி. முதலியார்குப்பத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம் இருக்கிறது, படகில் கழியைக் கடந்து மணல்திட்டுக்குப் போகலாம். நான் படகைவிடக் கழியோரமாக நின்று வலை வீசுபவர்களைப் பார்ப்பதையே விரும்புவேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று, வலையின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, வட்டமாக விரியும்படி வீசுவார்கள். கிடைப்பது பெரும்பாலும் மடவையும் இறாலும்.

இந்தக் கழிக்கும் கடலுக்கும் இடையில் நீளவாக்கில் கிடக்கும் நிலம்தான் இடைக்கழிநாடு. பெயரிலேயே கழி இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார், இந்த மண்ணுக்காரர். பரிசு பெற்ற பாணன் இன்னொரு பாணனுக்கு எந்த வழியே போ, எங்கே என்ன கிடைக்கும் என்று சொல்லும் பாட்டு அது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் நாம் இன்று மிதிக்கும் வழிக்கு வழிகாட்டி எழுதியவர்களில் முதல் ஆள் அவர்தான். தென்னை, மா, சவுக்குத் தோப்பு, மாசி பிறந்தால் ரோட்டோரம் தர்பூசணிக் குவியல். ஒரு பழத்தை வெட்டச் சொல்லி உப்புத் தூவிச் சாப்பிட்டால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் மிச்சமாகும்.

சாலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இ.சி.ஆரை நான்கு வழியாக அகலப்படுத்தும் வேலை பகுதி பகுதியாக நடப்பதால், மாற்றுப்பாதையும் ஜல்லியும் எங்கே வரும் என்று சொல்ல முடியாது. வேலை நடக்கும் இடங்களில் ஓரம் திடீரென்று ஒரு சாண் இறங்கும். பின்னால் லாரி வரும்போது அந்த விளிம்பில் போகாதீர்கள், முன்னதாகவே நின்று வழிவிட்டு ஏறுங்கள்.

கடப்பாக்கத்தில் கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் நவாப் தோஸ்த் அலி கான் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. 1750-ல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் கைக்குப் போனது, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். துறைமுகமாக இருந்து உப்பும் நெய்யும் ஜரிகைத் துணியும் கப்பலேறிய இடம். இப்போது மதில்களின் எலும்புக்கூடுதான் நிற்கிறது, அதையும் மரத்தின் வேர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உடைந்த மதிலின் கிழக்கு முனையில் உட்கார்ந்தால் எதிரே கழிமுகம், அதற்கப்பால் மணல்திட்டு, அதற்கப்பால் கடல். மூன்றும் மூன்று நிறம். வாசலில் பொரித்த மீன் விற்பார்கள், விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மதில் மேல் ஏறாதீர்கள், செங்கல் கையோடு வரும்.

அங்கிருந்து மரக்காணம் ஒரு மணி நேரத்துக்குள். மாலை வேளையில் ஊர் நாய்கள் சைக்கிளைத் துரத்தும். வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்க்காமல், இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து நடங்கள். ஓடாதவரை அதற்கு ஆர்வம் போய்விடும். மரக்காணத்தில் தங்குமிடம் குறைவு, முன்பே போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: உப்பளம் – கழுவெளி – புதுச்சேரி (சுமார் 45 கி.மீ.)

இன்று தூரம் குறைவு, ஆனால் எல்லா நாளையும்விடச் சீக்கிரம் எழ வேண்டும். வெளிச்சம் வருமுன் உப்பளத்தில் இருங்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் அங்கே அந்நேரத்துக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள்.

மரக்காணத்து உப்பளம் மூவாயிரம் ஏக்கருக்கும் மேல். கண்ணாடி போலப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அதில் விடியும் வானம். நீண்ட கம்பில் பலகை பொருத்தி, பாத்தியின் அடியில் படிந்த உப்பை வரப்போரம் இழுப்பார்கள். ஈர உப்பு பலகையில் உரசும்போது மணலை அரைப்பது போல ஒரு சத்தம் வரும். வாரி வைத்த குவியல் முதலில் சாம்பல் நிறமாக இருக்கும், தண்ணீர் வடிய வடிய வெளுக்கும்.

முதல் முறை வந்தபோது நல்ல படம் எடுக்கலாம் என்று சைக்கிளைப் பாத்தி வரப்பில் ஏற்றப் போனேன். உப்புக் கூடையைத் தலையில் சுமந்து வந்த ஒரு அம்மா நின்றுவிட்டார். "தம்பி, வரப்புல ஏத்தாதப்பா. இது வெறும் மண்ணு. உடைஞ்சா இந்தத் தண்ணியும் அந்தத் தண்ணியும் கலந்துடும், பத்து நாள் வேல போச்சு." மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, கேட்டுட்டுச் செய்யி" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் காலில் பழைய டயரில் வெட்டிய செருப்பு. பாதத்தின் ஓரம் முழுக்க உப்பு அரித்த வெடிப்பு. லாரி போகும் அகலமான மண்பாதையில் மட்டும் சைக்கிளை வைத்துவிட்டு, கேட்டு நடந்து போங்கள். படம் எடுப்பதற்கும் கேளுங்கள்.

உப்பளத்தை விட்டு வந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கிடைக்கும் நல்ல தண்ணீரில் செயினையும் ரிம்மையும் ஒருமுறை கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் விடுங்கள். தவிர்த்தால் மறுநாளே செயின் செம்பழுப்பாகிக் கிரீச்சிடும்.

உப்பளத்துக்கு அடுத்து கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தீபகற்ப இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்கிறார்கள். திண்டிவனம், வானூர் பக்கத்து நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து சேர்கிறது, வடக்கே உப்புக்கல்லிக் கால்வாய் வழியாகக் கடல் நீர் உள்ளே வருகிறது. மழை முடிந்ததும் பெரும்பகுதி நல்ல தண்ணீர், வெயில் ஏற ஏற உவர்நீர், கோடையில் வறண்ட வெளி. முதல் நாள் கலங்கலில் வழிந்து போனதைப் பார்த்தீர்களே, அது மாதிரியான தண்ணீரெல்லாம் கடைசியில் உப்போடு கைகோக்கும் இடம் இது. 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சார் தலமாகவும் அறிவித்தார்கள். இ.சி.ஆரிலிருந்து மேற்கே பிரியும் கிராமச் சாலைகளில் போய் "கழுவெளிக்கு எப்படிப் போறது" என்று கேட்டால் வழி சொல்வார்கள். வேடந்தாங்கலில் மரத்தில் பார்த்த கூட்டம் இங்கே தண்ணீரில் பரவிக் கிடக்கும். ஊசிவால் வாத்து, கருவால் மூக்கன், அதிர்ஷ்டம் இருந்தால் தூரத்தில் வெளிறிய ரோஜா நிறக் கோடு போலப் பூநாரை. நிழல் கிடையாது, ஒன்பதரைக்குள் திரும்பிவிடுங்கள்.

மீதி வழி எளிது. காலாப்பட்டு தாண்டிக் கோட்டக்குப்பம் வழியாக நேராகப் போனால் நெரிசலில் மாட்டுவீர்கள். அதற்கு முன்பே பெரியமுதலியார்சாவடியில் மேற்கே திரும்பி, குயிலாப்பாளையம், ஆரோவில் வழியாகச் சுற்றுங்கள். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அரிப்பெடுத்த செம்மண் மேடாக இருந்த இடம் இன்று நிழல் தரும் காடு. சைக்கிள் பாதைகளும் உண்டு, சைக்கிளைச் சரிபார்க்கக் கடைகளும் உண்டு.

திரும்பும் வழி

நாலாம் நாள் காலை புதுச்சேரியிலிருந்து மேற்கே ஊசுடு ஏரிக்குப் போங்கள், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பத்துக்கண்ணு பக்கமாகக் கரையைத் தொடலாம். பாதி புதுச்சேரியில், பாதி தமிழ்நாட்டில் இருக்கும் இந்த ஏரியைச் சங்கராபரணி ஆற்று வாய்க்கால் நிரப்புகிறது. மூன்று நாள் கழித்து மறுபடி நல்ல தண்ணீர். நாமக்கோழி கத்தும், தாமரைக்கோழி இலை மேல் நடக்கும்.

அங்கிருந்து வில்லியனூர், வளவனூர் வழியாக விழுப்புரம் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு நிறைய ரயில்கள். சைக்கிளைப் பயணிகள் பெட்டியில் ஏற்ற முடியாது. உங்கள் டிக்கெட்டைக் காட்டிப் பார்சல் ஆபீசில் லக்கேஜாகப் பதிவு செய்ய வேண்டும். ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போங்கள். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டி, பின்பக்கச் செயின் மாற்றியைச் சுற்றி ஒரு பழைய துணி கட்டுங்கள், அதுதான் முதலில் வளையும். பெயரும் போன் நம்பரும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள். பைகளையும் பம்பையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். எழும்பூர் வந்ததும் நேராகப் பிரேக் வேன் பக்கம் ஓடி, உங்கள் கண் முன்னால் இறக்கச் சொல்லி, ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வீடு போனதும் துணி துவைப்பதற்கு முன் சைக்கிளுக்குத் தண்ணீர் காட்டுங்கள். ஸ்போக் முனைகளிலும் செயின் கண்ணிகளிலும் மரக்காணத்து உப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.